அழித்த இடங்கள்

அவனுக்கு ரப்பர் என்று பெயர் வைத்தவர் ஸ்டுடியோ முதலாளி. வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையமா, மாப்பிள்ளைக்கு மூக்கு நுனியில் பருவா, பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவருக்குக் கன்னத்தில் சவரக் காயமா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ரப்பரிடம் கொடு. அவனும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு தட்டு தட்டி, நாலு இழுப்பு இழுத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அளவுக்கு முகத்தைத் துடைத்துக் கொடுப்பான். ஒரு முறை ஒரு அம்மாளின் சுருக்கங்களோடு சேர்த்து மச்சத்தையும் அழித்துவிட, அது ராசியான மச்சமாக்கும் என்று அந்த அம்மாள் கடையை இரண்டாக்கிவிட்டுப் போனது தனிக்கதை.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. திருத்திய படத்தைத் தனியாகச் சேமிக்கக் கூடாது. மூலப் படத்தின் மேலேயே சேமித்துவிட வேண்டும். மூலம் இருந்தால் என்றைக்காவது தவறிப்போய் வாடிக்கையாளர் கண்ணில் படும், தன் நிஜ மூஞ்சியைப் பார்த்தவர் மறுபடி கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்பது முதலாளியின் கணக்கு. ரப்பர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கை அதற்கே பழகிவிட்டது. வீட்டுக்குப் போனாலும் அதே கைதானே.

மகள் பிறந்து சில வாரங்களில் அவளுடைய கன்னங்கள் சிவந்து, தோல் வறண்டு, மாவு உதிர்வதுபோல உதிர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் ரப்பர் அவளை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய், வெள்ளை முடிக்கம்பளத்தில் படுக்கவைத்து, முதல் படம் எடுத்தான். எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தவன் யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாகப் போய் இரண்டு கன்னத்தையும் துடைத்துவிட்டது. மனைவியிடம் காட்டியபோது அவள் சிரித்து, சரி, மாட்டி வைக்க ஒன்று இப்படி இருக்கட்டும் என்றாள். அவன் அதை அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பினான். அவர்கள் மூவருக்கும் மட்டுமான வாட்ஸாப் குழு அது.

அக்கா வேறு ஊரில் இருப்பவள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் என்பதால் குடும்பத்தில் குழந்தை விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. படத்தைப் பார்த்ததும் போன் பண்ணி, "பட்டு மாதிரி இருக்காடா உன் பொண்ணு" என்று உருகிவிட்டாள். அன்றிலிருந்து குழந்தைக்குப் பட்டு என்பதே பெயராகிவிட்டது. ரப்பரும் பட்டு, பட்டு என்று கொஞ்சினான். மனைவி மட்டும் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அவளுக்குக் குழந்தை வெறும் பாப்பா.

பட்டு என்று பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு சொரசொரப்பான கன்னத்தை எப்படி அனுப்புவது? அடுத்த படத்தையும் துடைத்தான். அதற்கடுத்ததையும் துடைத்தான். கன்னத்தில் இருந்தது கழுத்து மடிப்புக்கு இறங்கியது, முழங்கை வளைவுக்குப் போனது, காதுக்குப் பின்னால் வெடித்தது. ஒவ்வொன்றையும் இவன் படத்தில் தேடிப் பிடித்துத் துடைத்தான். மாதாமாதம் அதே கம்பளத்தில் ஒரு படம், நடுவில் வீட்டில் நாலு படம், எல்லாவற்றிலும் பட்டு. மூலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மனைவியின் போனில் கேமரா கண்ணாடி உடைந்து புகை படிந்தமாதிரிதான் படம் வரும். அதோடு இரண்டு கையிலும் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவள் எங்கே படம் எடுப்பது? அது அவர் பார்த்துக்கொள்வார், தொழிலே அதுதானே என்று விட்டுவிட்டாள்.

ஏன் செய்தான் என்று யாராவது கேட்டிருந்தால் குழந்தையின் நல்லதுக்குத்தான் என்று சப்பைக்கட்டு கட்டியிருப்பான். உண்மை அதுவல்ல. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் வீட்டுக் குழந்தைகளையெல்லாம் வழுவழுவென்று காட்டிப் பேர் வாங்கியவன் வீட்டில் இப்படி ஒரு குழந்தையா என்று, பெற்ற மகளைப் பார்த்தே கூசினான். அப்படிக் கூசியதை நினைத்து இன்னொரு தடவை கூசினான். அவளைத் தூக்கும்போது கவுனுக்கு மேலாகத்தான் தூக்குவான். முத்தம் கொடுத்தால் உச்சந்தலையில்.

வீட்டில் மனைவி பட்ட பாடு சொல்லி மாளாது. குழந்தை அரிப்பு தாங்காமல் முகத்தை அவள் தோளில் வைத்துத் தேய்க்கும், தேய்த்துத் தேய்த்து அழும், அழுது அழுது இன்னும் சிவக்கும். இருவருக்கும் தூக்கம் என்பது பேருக்குத்தான். பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி வந்த அன்றைக்கே அக்காவின் போன். அண்ணி, இப்படி ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள் என்று இவள் சொல்ல, அந்தப் பக்கம் ஒரே திட்டு. ஸ்டீராய்டு களிம்பாம், பச்சைக் குழந்தைக்குப் போய் யாராவது தடவுவார்களா, நேற்றுத்தானே படம் பார்த்தேன், தோலில் ஒரு கீறல் இல்லை, எதையாவது கண்டபடி சாப்பிட்டுப் பால் கொடுத்துவிட்டு ஒரு பொரி பொரிந்ததற்கு ஊரைக் கூட்டுகிறாய் என்றாள்.

"என்னங்க, அண்ணி படத்துல ஒண்ணுமே தெரியலன்னு சொல்றாங்க" என்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனிடம் திரும்பினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஸ்டுடியோ வெளிச்சத்துல இதெல்லாம் தெரியாதும்மா" என்றான். பிறகு, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே, அக்காவுக்குத் தெரியாததா என்றும் சொன்னான். களிம்பு மூடி திறக்காமல் அலமாரிக்குப் போனது.

அவள் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று அவனிடமே கேட்பாள். முட்டையை விட்டாள், மீனை விட்டாள், கடலையை விட்டாள், பால் சேர்ந்த எல்லாவற்றையும் விட்டாள். கடைசியில் வேகவைத்த காயும் சோறும் என்று ஆனது. வளையல் கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. குழந்தையின் தோலோ ஒரு மாற்றமும் காட்டவில்லை. இவன் எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு, உண்மையை மென்று முழுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் குழந்தையின் கன்னத்தில் நீர் கசிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருந்தது. மனைவி யாரையும் கேட்கவில்லை. தோல் டாக்டருக்குத் தானே போன் பண்ணி நேரம் வாங்கிவிட்டு, "வர்றதா இருந்தா வாங்க" என்று செருப்பை மாட்டினாள். ரப்பர் ஸ்டுடியோவுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனான்.

தோல் டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். கையைக் கழுவித் துடைத்து, உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் குழந்தையைத் தொட்டார். கட்டிலில் விரித்திருந்த காகிதம் குழந்தை காலை உதைத்தபோதெல்லாம் சரசரத்தது. கழுத்து மடிப்பை விலக்கிப் பார்த்தார், முழங்காலுக்குப் பின்னால் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். எப்போது ஆரம்பித்தது, முதலில் எங்கே வந்தது, எப்போதெல்லாம் கூடுகிறது, எப்போது தணிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி முதலில் கடகடவென்று சொன்னாள். பிறகு தடுமாறினாள். தூக்கம் கெட்டவளுக்கு நாளும் கிழமையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"பரவால்லம்மா. பழைய படம் ஏதாவது இருக்கா? அதுல பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

மனைவியின் முகம் தெளிந்தது. உள்ளே வந்ததிலிருந்து அவள் நிமிர்ந்தது அப்போதுதான். படத்துக்கா பஞ்சம், இவர் தொழிலே அதுதான், பிறந்ததிலிருந்து விடாமல் எடுத்து வைத்திருக்கிறார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லி, அவனிடம் கையை நீட்டினாள். சார்ஜ் இல்லை என்று சொல்லலாமா என்று ரப்பர் பார்த்தான். அதற்குள் அவளே அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். படத்தையும் கட்டிலில் கிடந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இந்தக் குழந்தைதானே?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, இன்னும் சில. "போன வாரம் எடுத்ததா இது?" என்றாள். அன்றைக்கு அந்தக் கன்னம் இருந்த நிலை அவளுக்கு மறக்குமா. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று ரப்பருக்குத் தோன்றியது.

"நான்தான் சரி பண்ணேன்" என்றான். சரி பண்ணேன் என்ற சொல்லே வாயில் கசந்தது. "அழிச்சிட்டேன். பழசு எதுவும் இல்ல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போனை அவனிடம் திருப்பிக் கொடுத்து, "எங்கெங்க அழிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தப்பிக்க வழி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏதோ பழக்கதோஷத்தில் கை போய்விட்டது, கண் பார்க்கவில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம். மனைவியும் பாதியாவது நம்புவாள். உதட்டு வரைக்கும் அது வந்துவிட்டது. அப்போது குழந்தை கட்டிலின் காகிதத்தில் கன்னத்தை வைத்துப் பரபரவென்று தேய்த்தது. காகிதம் கிழிந்து, கிழிந்த இடத்தில் ஈரமாக ஒரு கறை படிந்தது.

"இருக்கு" என்றான் ரப்பர்.

போனில் சிவப்பு நிறத்தை எடுத்துக்கொண்டு முதல் படத்தில் ஆரம்பித்தான். இரண்டு கன்னத்திலும் வட்டம். அடுத்ததில் தாடைக்குக் கீழே ஒரு கோடு, இடது காதின் பின்புறம் ஒரு திட்டு. இது லேசாக இருந்தது, இது வெடித்திருந்தது, இதில் கசிவு இல்லை, வெறும் செதில்தான் என்று வாயாலும் சொல்லிக்கொண்டே போனான். கை எங்கேயும் தயங்கவில்லை. வேறு யாருடைய முகமும் அவனுக்கு இப்படி மனப்பாடமாக இருந்ததில்லை. படத்துக்குப் படம் பட்டு மறைந்து, பாப்பா வெளியே வந்தாள்.

மனைவி அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் மூச்சு மாறியது அவனுக்குக் கேட்டது.

"அப்ப நீங்க எல்லாத்தையும் பார்த்திருக்கீங்க" என்றாள். "எனக்கு மட்டும்தான் தெரியுதோன்னு நான் பைத்தியக்காரி மாதிரி உங்களையே கேட்டுக்கிட்டிருந்தேன். என்னைவிட நல்லா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

ரப்பர் தலையைக் குனிந்துகொண்டு மிச்சப் படங்களையும் வரைந்து முடித்தான்.

டாக்டர் போனை வாங்கி முன்னும் பின்னும் தள்ளி, சில படங்களில் நின்றார். வெள்ளைக் கம்பளத்தில் எடுத்த படங்களில் சிவப்பு குறைவாக இருந்தது. அதற்கு அடுத்தடுத்த நாட்களில் வீட்டில் எடுத்தவற்றில் கழுத்து, பிடரி, தொடை என்று பரவியிருந்தது. ஒவ்வொரு மாதமும் அதே கதைதான். இது என்ன கம்பளம் என்று கேட்டார். ஸ்டுடியோ கம்பளம், எல்லாக் குழந்தைகளையும் அதில்தான் படுக்கவைப்போம் என்றான். துவைப்பீர்களா என்றார். துவைக்கமாட்டார்கள், ஈரமானால் துடைத்துவிட்டு வாசனை ஸ்பிரே அடிப்பார்கள். மேலே விளக்குகளின் சூடு வேறு. சொல்லச் சொல்ல அவனுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் அவன் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். கம்பளம் நோயைக் கொண்டுவரவில்லை, குழந்தையின் தோல் பிறவியிலேயே ஈரத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத தோல், இது யாரிடமும் தொற்றாது, யாருடைய தப்பும் இல்லை என்றார். ஆனால் முடியும் வாசனையும் வியர்வையும் அதைக் கிளறிவிடும், அதைத்தான் மாதாமாதம் செய்திருக்கிறீர்கள். களிம்பைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் சிவப்பின் மேல் தடவினால் பயமில்லை. தடவாமல் விட்டதால்தான் சொறிந்து சொறிந்து கிருமி சேர்ந்து இப்படிக் கசிகிறது. அதற்கும் மருந்து எழுதினார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டுங்கள், வாசனை சோப்பு வேண்டாம், ஒற்றி எடுங்கள், ஈரம் காயும் முன் வாசனையில்லாத கெட்டித் தைலத்தைத் தாராளமாகப் பூசுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பருத்தித் துணி போடுங்கள். முழுசாகப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், வரும், போகும், வளர வளரப் பெரும்பாலும் குறையும் என்றார்.

மனைவி தயங்கி, அப்படியானால் என் சாப்பாடு என்று ஆரம்பித்தாள்.

"சாப்பாட்டால வந்ததுன்னு சொல்ல இதுல ஒண்ணுமே இல்லம்மா" என்றார் டாக்டர். "முதல்ல நீங்க சாப்பிடுங்க."

அதுவரை கல்லாக நின்றவள் அந்த ஒரு சொல்லில் உடைந்து அழுதாள். ரப்பர் அவளைத் தொடப் போய், அதற்கும் யோக்கியதை இல்லை என்று கையை இழுத்துக்கொண்டான். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இன்றைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள் என்று கிளம்பும்போது டாக்டர் சொன்னார். எடுத்தான். எடுத்ததும் கட்டைவிரல் பழக்கத்தில் திருத்தும் பொத்தான் பக்கம் நகர்ந்தது. மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வழி முழுக்க அவள் குழந்தையின் கை முகத்துக்குப் போகாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். எதிர் சீட்டுக்காரி குழந்தையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வழக்கமாக அப்படி யாராவது பார்த்தால் ரப்பர் துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுவான். இன்றைக்கு மூடவில்லை. இது ஒட்டாதுங்க, வறண்ட தோல் என்று மெதுவாகச் சொன்னான். மனைவி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் அறையில் எடுத்த படத்தை அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பினான். தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் அக்காவின் போன் வந்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். சமையலறையில் இருந்த மனைவிக்கும் அது கேட்டது.

"என்னடா பண்ணீங்க பட்டுவ? உன் பொண்டாட்டி என்னத்தத் தின்னுட்டுப் பால் குடுத்தா?"

"அவ ஒண்ணும் பண்ணலக்கா. அவ சாப்பிடறதயே விட்டுட்டா. இது இன்னிக்கு வந்ததும் இல்ல, பிறந்த கொஞ்ச நாள்ல இருந்தே இருக்கு. நான்தான் படத்துல அழிச்சு அழிச்சு உனக்கு அனுப்பினேன்."

அந்தப் பக்கம் அக்கா யாரையோ டிவியை அணைக்கச் சொன்னாள்.

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"பாவி. அத நம்பி அந்தப் பொண்ண நான் என்னென்ன பேசினேன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "பக்கத்துல தானடா உட்கார்ந்திருந்த?"

ஆமாம், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு தடவையல்ல. அவளிடம் போனைக் கொடு என்றாள் அக்கா. மனைவி வாசற்படி வரைக்கும் வந்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்புறம் பேசுவாள் என்று சொல்லிப் போனை வைக்கப்போனவன் நின்று, இனிமேல் பாப்பாவைப் பட்டு என்று கூப்பிடாதே அக்கா என்றான்.

சாயங்காலம் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, பாயில் கிடத்தினாள். அலமாரியிலிருந்து களிம்பும், பையிலிருந்து புதிதாக வாங்கி வந்த தைல டப்பாவும் வெளியே வந்தன. சிவந்த இடங்களில் களிம்பைத் தானே மெல்லிசாக வைத்து முடித்தாள். பிறகு டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க தடவுங்க" என்றாள். "கண்ணால பார்த்தது போதும்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தைலத்தை உள்ளங்கையில் எடுத்துக் குழந்தையின் காலில் வைத்தான். உப்புத்தாள் மாதிரி இருந்தது. போனில் எத்தனையோ தடவை விரலால் துடைத்த இடம்தான், ஆனால் அது இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சூடாக வேறு இருந்தது. இந்தச் சூட்டோடுதான் இத்தனை நாளும் இருந்தாளா என்று நினைத்ததும் நீர் கண்ணை மறைத்தது. அவமானத்தில் காது மடல் வரைக்கும் கொதித்தது. கை அதன் பாட்டுக்கு, திட்டின் மேல் வட்டம் வட்டமாக அழுத்திச் சுற்ற ஆரம்பித்தது. குழந்தை சிணுங்கியது.

மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தேய்க்காதீங்க. இத அழிக்க முடியாது. மேலருந்து கீழ, மெதுவா தடவுங்க."

அவன் அப்படியே தடவினான். குழந்தை சிணுங்குவதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. தைலம் விளக்கொளியில் மினுங்கியது. அதற்கு அடியில் சிவப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.